சாயந்தரம் வரைக்கும் வராது

கரண்ட் எப்போது வரும் என்று யார் கேட்டாலும் நான் பதில் சொல்வதில்லை. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் இதற்காகவே எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். "சப்ஸ்டேஷன்லயே வேலை பாக்குது, ஒரு வார்த்தை சொன்னா இன்னா கொறஞ்சா பூடும்?" என்று என் காதுபடவே பேசுவார்கள். பேசட்டும். முன்பெல்லாம் நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அரை மணியில் வந்துவிடும், சோறு வடிப்பதற்குள் வந்துவிடும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவேன். சொல்லாவிட்டால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அந்தத் தொல்லை விட்டால் போதும் என்றுதான். அந்தப் புயல் நாளோடு அது நின்றது.

நான் துணைமின்நிலையத்தில் ஆபரேட்டர். கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவள், வாய் கொஞ்சம் நீளம், அதை மறைக்க வேண்டியதில்லை. வேலை என்னவோ பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். ஒரு நீளமான அறை. சுவரை ஒட்டி ஆளுயர இரும்புப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஃபீடர், அதாவது ஒரு பகுதிக்குப் போகிற மின்பாதை. பெட்டியின் முகத்தில் இருக்கிற சுவிட்சை அந்தப் பக்கம் திருப்பினால் பத்துப் பதினைந்து தெருவில் வெளிச்சம் வரும். இந்தப் பக்கம் திருப்பினால் போகும். அவ்வளவுதான் வேலை, ஆனால் எப்போது திருப்பக் கூடாது என்பதற்குத்தான் சம்பளம்.

லைன்மேன் யாராவது கம்பத்தில் ஏற வேண்டுமென்றால் முதலில் எங்களிடம் லைன் கிளியர் வாங்க வேண்டும். எல்.சி. என்போம். நான் லைனை நிறுத்தி, பெட்டியைப் பூட்டி, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று எழுதிய சிவப்புப் பலகையை அதில் மாட்டி, வாங்கியவர் பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுதுவேன். வேலை முடிந்தால் வாங்கினவரே வந்து, அல்லது போனில் தன் சொந்தக் குரலில், திருப்பிக் கொடுக்க வேண்டும். அவருடைய கூட்டாளி வந்து சொன்னாலும் செல்லாது, பெரிய அதிகாரி வந்து கத்தினாலும் செல்லாது. எத்தனையோ பேரிடம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். சட்டத்தில் கில்லாடி என்று எனக்கே என்மேல் ஒரு நினைப்பு இருந்தது.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நிலக்கரி இறக்குகிற பக்கத்தில் பல வருஷம். நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய், பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கிற ஒரு மெஷின். அது கரண்டில் ஓடுவது. இருபத்து நாலு மணி நேரமும் குர்ரென்று அது ஓடுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வரும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் சில மணி நேரம் இழுக்கும். அதுவும் போனால் மூலையில் ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது. அதற்கு மேல் எங்கள் வீட்டில் வேறு வழி கிடையாது. இதைத் தெரிந்துகொண்டேதான் அன்றைக்குக் காலை ஐந்தரை மணிக்கு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்பினேன்.

"நீ போ. நா எங்க ஓடிடப் போறேன்?" என்றார் அவர். சிரித்தார், சிரித்ததில் மூச்சு வாங்கியது.

பக்கத்து வீட்டுப் பாயம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். அவள் புருஷனுக்கு வண்ணாரப்பேட்டையில் கயிற்றுக் கடை. வாயில் பேசுவதைவிடக் கையால் செய்கிறவள். "யக்கா, நா பாத்துக்கறேன், நீ கெளம்பு" என்று சாவியைச் சேலை முனையில் முடிந்துகொண்டாள்.

புயல் விடியற்காலையிலேயே கரையைக் கடந்திருந்தது. காற்று அடித்த நேரத்தில் எல்லா ஃபீடரையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். விடிந்து காற்று அடங்கியதும் லைனைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் போட்டோம். எங்கள் தெருவுக்குப் போகிற ஃபீடரும் எண்ணூர்ப் பக்கத்து ஃபீடரும் மட்டும் போட முடியவில்லை. எங்கள் ஃபீடரில் மூன்று இடத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்து கிடந்தது. பத்து மணிக்கு லைன் இன்ஸ்பெக்டர் வந்து அதற்கு எல்.சி. வாங்கிக்கொண்டு போனார். வியாசர்பாடி எம்.கே.பி. நகர் ஆள், பல வருஷப் பழக்கம், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியும். "ஜல்தியா முடிச்சிட்டு வந்துர்றேன் யக்கா, நீ பேஜாராவாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் சிவப்புப் பலகையை மாட்டினேன்.

லேண்ட்லைன் தண்ணீரில் செத்துவிட்டது. செல்போன் டவர்களில் டீசல் தீர்ந்து ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. ஜன்னல் கம்பியை ஒட்டிப் பிடித்தால் ஒரு கோடு வரும், காதில் வைத்தால் போய்விடும். வீட்டுக்கு நாற்பது தடவையாவது அடித்துப் பார்த்திருப்பேன். நடந்தால் இருபது நிமிஷம். ஆனால் ஷிப்டில் இருக்கிறவள் அறையை விட்டு நகரக் கூடாது. பெட்டிக்கும் கேட்டுக்கும் நடுவில் நடந்தேன். கேட்டிலிருந்து ஜன்னலுக்கு நடந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது.

கேட்டில் வேறு ஒரு திருவிழாக் கூட்டம். எங்கள் ஃபீடர்த் தெருக்கள் எல்லாம் கரண்ட் இல்லாமல் கிடக்க, எங்கள் அறையில் மட்டும் டியூப்லைட் எரிந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? புயல் நேரத்தில் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வராந்தாவில் ஒரு பலகையைப் போட்டு, நாலு எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்து வைத்து, ஜனங்களின் போனை வாங்கிச் சார்ஜில் போடுவோம். போன் பின்னால் ஒரு துண்டு டேப் ஒட்டி அதில் தெருப் பெயரை எழுதிவிடுவேன். விதியில் இல்லாத வேலைதான். ஆனால் கடலுக்குப் போன புருஷன் காசிமேட்டுக்குத் திரும்பினானா என்று தெரியாமல் நிற்கிறவளிடம் விதியைப் படித்துக் காட்டவா முடியும்?

பதினோரு மணி வாக்கில் மூன்று பேர் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து லைன்மேன்கள். புயல் வந்தால் வெளி மாவட்டத்திலிருந்து இப்படி ஆட்களை அனுப்புவார்கள். விடிய விடிய வேனில் வந்திருக்கிறார்கள். எண்ணூர்ப் பக்கம் வேறு ஒரு ஃபீடரில் வேலை செய்ய அவர்களுக்கு உத்தரவு. டீ கொடுத்தேன். மூவரில் பெரியவர் நாற்பது வயதுக்காரர், மீசையில் இன்னும் மழைத்தண்ணீர் சொட்ட, தன் போனை என்னிடம் நீட்டினார்.

"எக்கா, இதையும் சார்ஜ்ல போட்டு வையுங்க. வேல முடிஞ்சதும் வந்து எடுத்துக்கிடுதேன். ஊர்ல புள்ளைக்கு ஒடம்பு சொகமில்ல, ராத்திரிக்குள்ள பேசணும்."

டேப்பில் 'திருநெல்வேலி' என்று எழுதி ஒட்டினேன். அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். சிவப்புப் பலகை தொங்கிய பெட்டியைக் காட்டி, "இந்த லைன்ல கரண்ட் இல்லையோ?" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கேட்டில் ஒருத்தி என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதுவா? அது எல்.சி.ல கீது. சாயந்தரம் வரைக்கும் வராது" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு மூவரும் போனார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மேலிடத்திலிருந்து ஜீப்பில் ஒருவர் வந்து, எண்ணூர்ச் சாலையில் இடுப்பளவு தண்ணீர், அங்கே எந்த வேலையும் நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு மறந்தேன். சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. வெளியூர்க்காரர்கள் பசியோடு வருவார்கள் என்று மூன்றை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்தேன். அதையும் மறந்தேன்.

ஒரு மணிக்குப் பாயம்மா வந்தாள். முழங்கால் வரை சேறு. கேட்டுக்கு வெளியிலிருந்தே கத்தினாள். "யக்கா, இன்வெர்ட்டர் பூட்ச்சி. சிலிண்டர்ல மாட்டிட்டேன். மீட்டர்ல முள்ளு முழுசா கீது, பயப்படாத."

"இன்னா பண்றாரு?"

"குந்தினு கீறாரு. உன்னியத் தான் திட்டிகினு கீறாரு."

திட்டுகிறார் என்றால் தெம்பாக இருக்கிறார் என்று அர்த்தம். அப்போதைக்கு அது போதும். அந்தச் சின்ன சிலிண்டர் மூன்று மணி நேரம் தாங்கும், மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூட. மணியை மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு மணிக்குள் லைன் வந்தாக வேண்டும். இரண்டு மணிக்கு என்னை விடுவிக்க வேண்டிய அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லை. அவர் மணலி புதுநகர், அங்கே வீதியில் படகு போகிறதாம். அவரைத் திட்டி என்ன பயன்? இருந்தாலும் திட்டினேன்.

மூன்றரைக்குப் பாயம்மா மறுபடி வந்தாள். இந்தத் தடவை கத்தவில்லை. கேட்டின் கம்பிக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்தாள். "முள்ளு செவப்புக்கு வந்துருச்சு யக்கா. பேச மாட்டேங்குறாரு. ஒதடு ஒரு மாதிரி கீது. எப்பக்கா வரும்?"

இதோ வந்துவிடும் என்றேன். எனக்கே தெரியாது.

சொன்ன வாய் மூடவில்லை, லைன் இன்ஸ்பெக்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். மழையில் ஊறி உடம்பெல்லாம் வெளுத்திருந்தது. கண்ணாடி குத்திய காலில் துணி சுற்றியிருந்தார். "முடிஞ்சிச்சு யக்கா! மூணு எடமும் ரெடி. என் ஆளுங்க எல்லாரும் கீழ எறங்கியாச்சு, எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன். எல்.சி. ரிட்டன். போடு லைன!"

மணி மூன்று முப்பத்தைந்து. வாங்கினவரே வந்து, தன் வாயால் திருப்பிக் கொடுத்திருக்கிறார். விதிப்படி எல்லாம் சரி. கேட்டில் இருந்த கூட்டம் ஓவென்று கத்தியது. பாயம்மா இரண்டு கையையும் தூக்கி அல்லாவைக் கும்பிட்டாள். நான் ஓடினேன். பூட்டைத் திறந்தேன். சிவப்புப் பலகையைக் கழற்றிக் கீழே போட்டேன். சாவியைப் பெட்டியில் நுழைத்து, சுவிட்சில் கை வைத்துவிட்டேன்.

திருப்புவதற்கு முன் நேரத்தை எழுத வேண்டும். அது கைப்பழக்கம், பல வருஷப் பழக்கம். நோட்டைப் பார்த்தால் பேனா இல்லை. டேப்பில் எழுத வெளியே எடுத்துக்கொண்டு போனவள் வராந்தாப் பலகையிலேயே விட்டுவிட்டேன். சனியனே என்று திட்டிக்கொண்டே வராந்தாவுக்கு ஓடினேன். பேனா கிடந்தது. அதன் பக்கத்தில் மூன்று சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அதன் பக்கத்தில் 'திருநெல்வேலி' என்று டேப் ஒட்டிய போன்.

இவர்கள் ஏன் இன்னும் வரவில்லை?

எண்ணூர் வேலை பன்னிரண்டு மணிக்கே ரத்து. மூன்றரை மணி நேரமாக எங்கே இருக்கிறார்கள்? சாப்பிடக்கூட வரவில்லை. பிள்ளையோடு பேச வேண்டும் என்ற மனுஷன் போனை எடுக்க வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆட்களாகவும் தெரியவில்லை. வேலைக்காக ராத்திரி முழுக்கப் பயணம் பண்ணி வந்தவர்கள், வழியில் கம்பியில் மரம் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தால் சும்மா போவார்களா? அப்போதுதான் என் குரலே என் காதில் கேட்டது. சாயந்தரம் வரைக்கும் வராது.

உள்ளே ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"இன்னா யக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அந்தத் திருநெல்வேலி ஆளுங்க மூணு பேர எங்கியாச்சும் பாத்தியா?"

"அவுங்க எண்ணூரு லைனு. நம்ம லைனுக்கும் அவுங்களுக்கும் இன்னா சம்பந்தம்?"

"எண்ணூரு வேலை ரத்து. அவுங்க திரும்பி வரல. நம்ம லைன்ல எங்கியாச்சும் ஏறிகினு கீறாங்களோன்னு பயமா கீது. எண்ணூரு போற வழில நம்ம லைனு கெனால் ஓரமா போவுது, அங்க ஒரு ரவுண்டு போயிட்டு வா."

"எல்.சி. இல்லாம எவன்கா ஏறுவான்? லூசா அவனுங்க?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நா வாங்குன எல்.சி.ய நானே குடுக்கறேன். நோட்டுல எழுது, லைன போடு. இன்னா ஆச்சோ என் பொறுப்பு. காலு கிழிஞ்சி கீது, இன்னொரு வாட்டி எங்க போறது? அங்க உன் வூட்டுக்காரரு இன்னா நெலமைல கீறாரோ, நீ இங்க பேசிகினு கீற!"

"தெரியும்டா! எனுக்குத் தெரியாதா? போடா!" என்று கத்தினேன். அவரை நான் அதற்கு முன் வாடா போடா என்று பேசியதே இல்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டே போய் வண்டியை உதைத்தார்.

கேட்டில் விஷயம் பரவிவிட்டது. லைன் ரெடியாம், இந்தம்மாதான் போட மாட்டேங்குதாம். கல் ஒன்று வராந்தாத் தூணில் பட்டு விழுந்தது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. பாயம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"சாவி உன் இடுப்புல கீது. அங்க அந்த மன்சன் மூச்சுக்குத் தவிச்சிகினு கீறாரு. நீயெல்லாம் ஒரு பொஞ்சாதியா?" என்றாள். கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி என்ன எழுதுவது? உட்கார முடியவில்லை. நிற்க முடியவில்லை. பெட்டி முன்னால் போய் நிற்பேன், சாவியைத் தொடுவேன், வெளியே ஓடிவருவேன். அவர்கள் எங்காவது ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தால்? பஸ் ஏறி ஊருக்கே போயிருந்தால்? போனை மறந்துவிட்டுப் போகிறவன் உலகத்தில் இல்லையா? ஒரு செல்போனை நம்பி என் புருஷனைக் கொல்கிறேனே என்று நினைத்தேன். ஆமாம், அப்படியேதான் நினைத்தேன். இரண்டு தடவை சாவியை மறுபடி நுழைத்தேன். இரண்டு தடவையும் எடுத்தேன். கல்யாணம் ஆன புதிதில் ராயபுரம் பாலத்தில் சைக்கிள் பின்னால் என்னை உட்கார வைத்து மூச்சு வாங்காமல் மிதித்துக்கொண்டு போன மனுஷன் அவர். மாதாவே என்று வாய்விட்டு அழுதேன். யார் பார்த்தால் என்ன?

நாலு பத்துக்கு வண்டிச் சத்தம். இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தார், பின்னால் தண்ணீரில் நடந்து மூன்று பேர். இன்ஸ்பெக்டர் வண்டியை ஸ்டாண்டு போடவில்லை, அப்படியே சாயவிட்டார். என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். வாய் கோணியது.

"கெனால் ஓரத்துல, நாங்க பாக்காத எடத்துல, யக்கா. மூணு பேரும் மேல. கம்பிய கையில புடிச்சிகினு இருந்தாங்க." அவ்வளவு சொல்லிவிட்டு வெளிப்படியில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பெரியவர் மட்டும் வராந்தாவுக்கு வந்தார். முகத்தில் ஒரு கலவரமும் இல்லை, வேலை முடித்த திருப்திதான். "அவரு ஏங்க்கா இப்படிக் கத்துதாரு? எறங்கு எறங்குன்னு உயிர் போற மாதிரி. நாங்க சும்மாதான இருந்தோம், ஒரு மரத்த வெட்டி விட்டு ரெண்டு கம்பியக் கட்டிப் போட்டோம். வேல அங்கன முடிஞ்சாச்சு."

"கம்பத்துல ஏற முன்னாடி எர்த் போட்டீங்களா?" என்றேன். லைனைப் பூமியோடு சேர்த்துக் கட்டுகிற ஒரு கம்பி அது, தவறிக் கரண்ட் வந்தாலும் ஆளைக் காப்பாற்றும்.

"அது வேன்ல கெடக்கு. வேன் தண்ணிக்கு அந்தப் பக்கம் நிக்கி." சிரித்தார். "அதான் நீங்க சொன்னீயளே எக்கா, சாயங்காலம் வரைக்கும் வராதுன்னு."

சொல்லிவிட்டுப் பலகையிலிருந்து தன் போனை எடுத்துப் பார்த்தார். "எழுவது பர்சன்ட்தான் ஏறியிருக்கு" என்று உதட்டைப் பிதுக்கினார்.

அவர் கன்னத்தில் பளாரென்று அறைய வேண்டும்போல இருந்தது. காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். "எல்லாரும் எறங்கியாச்சா? வேற யாரும் இல்லியே? சத்தியமா?" என்று மூன்று தடவை கேட்டேன். பிறகு நாலேகாலுக்கு லைனைப் போட்டேன். தெருக்கள் பக்கமிருந்து கூச்சல் எழுந்தது, விசில் அடித்தார்கள்.

ஐந்து மணிக்குத்தான் மணலி ஆள் படகு, லாரி, நடை என்று எல்லாவற்றிலும் வந்து சேர்ந்தார். நான் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு ஓடினேன். ஓடினேன் என்றால் தண்ணீரில் எங்கே ஓடுவது, விழுந்தும் எழுந்தும் போனேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. எங்கள் வீட்டிலும் எரிந்தது. கதவு விரியத் திறந்து கிடந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலி காலி. சிலிண்டர் மூலையில் சாய்ந்து கிடந்தது, முள் அடியில். மெஷின் இருந்த இடத்தில் தூசி மட்டும். அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் நான் நின்றதே இல்லை. போய்விட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன்.

மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். "யக்கா, மாதா கோயிலுக்கு! பாயம்மா இட்டுகினு பூட்ச்சி!"

கோயில் கூடத்தில் காலையிலிருந்தே ஒரு வாடகை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததாம், ஜனங்கள் போன் சார்ஜ் போட. கரண்ட் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் பாயம்மா மீன் கூடை ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றைப் பிடித்து, மனுஷனை ஒரு பக்கம், மெஷினை ஒரு பக்கம் ஏற்றி, தானே பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். ஜெனரேட்டர் சின்னது. மெஷினைச் செருகியதும் உறுமி நின்றுவிட்டது. அப்போது யாரும் சொல்லாமலே எல்லாரும் தங்கள் தங்கள் போனைப் பிடுங்கிக்கொண்டார்களாம், அது மறுபடி ஓடியதாம். சார்ஜ் இல்லாத போன்கள் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டின்மேல் குவியலாகக் கிடந்தன. கரண்ட் வந்த பிறகும் மெஷினை நிறுத்திப் பிளக்கை மாற்ற யாரும் துணியவில்லை.

முதலில் குர்ரென்ற அந்தச் சத்தம்தான் கேட்டது. பிறகுதான் அவரைப் பார்த்தேன். பெஞ்சில் சாய்த்து வைத்திருந்தார்கள். மீன் கவிச்சி அடித்தது. உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. பாயம்மா தரையில் உட்கார்ந்து, யாரும் தட்டிவிடாதபடி பிளக்கின்மேல் ஒரு கையை வைத்திருந்தாள்.

"வந்துட்டியா? இப்ப இன்னாத்துக்கு வந்த?" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் கேட்டாள்.

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சை இழுத்துப் பேசினார்.

"லைன் ரெடியாம்... நீதான் போடலியாம். சொல்லிக்கிறாங்க. நெசமா?"

"நெசந்தான்."

"ஏன்?"

"மேல ஆளு இருந்தாங்க."

"எத்தினி பேரு?"

"மூணு பேரு."

அவர் கண்ணை மூடினார். இரண்டு மூன்று மூச்சு போனது. "மூணு பேரா... அப்ப சரி. ஒர்த்தனா இருந்திருந்தா... உன்னிய சும்மா வுட்டிருக்க மாட்டேன்."

பாயம்மா அழுகையோடு சிரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரோ ஒருவர் என் தோளைத் தட்டி, நீ பண்ணதுதாம்மா கரெக்ட்டு என்றார். பாயம்மா தன் மற்றக் கையால் என் கையைப் பிடித்து, நான் சொன்னதை மனசுல வெச்சிக்காதே யக்கா என்றாள். எனக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது.

என் புருஷன் கண்ணைத் திறந்தார். முப்பது வருஷமாக என் வேலையைப் பற்றி நான் பேசிப் பேசி, அவருக்கும் எல்லாம் அத்துப்படி.

"எல்.சி. இல்லாம... இன்னா தைரியத்துல ஏறுனானுங்க?" என்று கேட்டார்.

"தெரியல" என்றேன்.